சிறிய பேட்ச், பெரிய பேண்ட்வித்: மைக்ரோஸ்ட்ரிப் ஆன்டெனா வடிவமைப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறுதியாண்டு பிராஜெக்ட், எம்.இ. ஆய்வு, சிறு நிறுவனத்தின் முதல் வயர்லெஸ் போர்டு என்று ஏதோ ஒரு காரணத்துக்காக மைக்ரோஸ்ட்ரிப் பேட்சை (சர்க்யூட் போர்டிலேயே செதுக்கும் தட்டையான ஆன்டெனாவை) கையில் எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அளவு சிறியதாக இருக்க வேண்டும், பேண்ட்வித் (ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் அதிர்வெண் வீச்சு) பெரியதாக இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாருடைய விருப்பமும். அப்படி ஒரு வடிவம் கண்ணில் பட்டால், முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த பேண்ட்வித் எங்கிருந்து வந்தது? இடத்தைக் கொடுத்து வாங்கியதா, சக்தியை வெப்பமாக்கி வாங்கியதா, அல்லது கிரவுண்டும் (பேட்சுக்கு அடியில் இருக்கும் உலோகத் தளம்) கேபிளும் சேர்ந்து கதிர்வீசுவதால் வந்ததா? கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

பேட்ச் ஆன்டெனாவுக்கு இயல்பாகவே பேண்ட்வித் குறைவு என்கிறார்களே, ஏன்?

ஒரு செம்புத் தகடு, அதற்குக் கீழே மெல்லிய சப்ஸ்ட்ரேட் (மின்கடத்தாப் பலகை), அதற்கும் கீழே கிரவுண்ட். இந்த அமைப்பு முதலில் ஒரு கேவிட்டி, அப்புறம்தான் ஆன்டெனா. மின்புலத்தின் பெரும்பகுதி தகட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கிறது. இரண்டு ஓரங்களில் வெளியே பிதுங்கும் புலம் மட்டுமே கதிர்வீசுகிறது. உள்ளே சேர்ந்திருக்கும் ஆற்றல் அதிகம், ஒவ்வொரு சுற்றிலும் வெளியேறுவது கொஞ்சம். அதாவது க்யூ (சேர்ந்திருக்கும் ஆற்றலுக்கும் வெளியேறுவதற்கும் உள்ள விகிதம்) அதிகம். க்யூ அதிகமென்றால் பேண்ட்வித் குறைவு. வி.எஸ்.டபிள்யூ.ஆர். (சக்தி எவ்வளவு திரும்பிவருகிறது என்பதைக் காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2 வரை ஏற்கலாம் என்று வைத்துக்கொண்டால், பேண்ட்வித் விகிதம் (நடு அதிர்வெண்ணில் எத்தனை பங்கு என்பது) தோராயமாக 0.707-ஐ க்யூவால் வகுத்தது.

டெஷாம்ப்ஸ் 1953-இலேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். ஆனால் மன்சன், ஹோவல் போன்றவர்கள் 1970களில் செய்து காட்டிய பிறகுதான் இது பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. விமானம், ஏவுகணை ஆகியவற்றின் உடம்போடு ஒட்டிப் படுக்கும் மெல்லிய ஆன்டெனாதான் அன்றைய தேவை. பேண்ட்வித் போதவில்லை என்ற குறை வயர்லெஸ் தொடர்பு வந்த பிறகு பெரிதானது.

எனக்கு உண்மையில் எவ்வளவு பேண்ட்வித் வேண்டும்?

சேவையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, அது 3.4 சதவீதம்தான். இந்தியாவில் 2022-இல் ஏலம் விடப்பட்ட 5ஜி நடுப்பட்டை 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட 10.6 சதவீதம். அந்தப் பட்டையை முழுசாக 3.8 ஜிகாஹெர்ட்ஸ் வரை பிடிக்க வேண்டுமென்றால் 14 சதவீதம். 5.15 முதல் 5.85 வரையிலான வைஃபைக்கு 12.7 சதவீதம்.

வைஃபைக்கு ஆன்டெனா செய்கிறேன் என்று தொடங்கி 3 முதல் 11 ஜிகாஹெர்ட்ஸ் வரை எஸ்11 (ஆன்டெனாவிலிருந்து திரும்பும் சக்தியின் அளவு) வளைவைக் காட்டுவதில் பயன் குறைவு. தேவையில்லாத பட்டையில் வரும் இரைச்சலையும் அந்த ஆன்டெனா ரிசீவருக்குள் கொண்டுவந்து சேர்க்கும்.

2.45 ஜிகாஹெர்ட்ஸுக்கு எஃப்ஆர்4 போர்டில் பேட்ச் அளவு என்ன வரும்?

எஃப்ஆர்4 என்பது சாதாரண சர்க்யூட் போர்டுகளின் கண்ணாடி இழைப் பொருள். 1.6 மிமீ தடிமன், டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் (பொருள் அலையை எவ்வளவு சுருக்குகிறது என்பதைக் காட்டும் எண்) 4.4 என்று எடுத்துக்கொள்வோம். காற்றில் அரை அலைநீளம் 61.2 மிமீ. அதை, 2-ஐ 5.4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்த 0.609-ஆல் பெருக்கினால் பேட்சின் அகலம் 37.3 மிமீ. புலத்தில் ஒரு பகுதி காற்றிலும் இருப்பதால் பயனுறு கான்ஸ்டன்ட் 4.08-ஆகக் குறைகிறது. 61.2-ஐ 4.08-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 30.3. ஓரங்களில் புலம் பிதுங்குவதால் மின்னியல் ரீதியாகப் பேட்ச் ஒவ்வொரு பக்கமும் 0.74 மிமீ நீண்டது போல நடந்துகொள்ளும். அதைக் கழித்தால் நீளம் 28.8 மிமீ.

ஓரத்தில் ரெசிஸ்டன்ஸ் 250 ஓம் இருக்கிறது என்றால், உள்ளே போகப் போக அது கொசைன் வர்க்கமாகக் குறையும். கேபிளின் 50 ஓமோடு பொருந்த, ஃபீட் லைனை (ஆன்டெனாவுக்குச் சக்தி கொண்டுவரும் பட்டையை) பேட்சில் போட்ட இன்செட் வெட்டு வழியே ஏறத்தாழ 10 மிமீ உள்ளே கொண்டுபோக வேண்டும். ஃபீட் லைனின் அகலம் 3 மிமீக்கு ஒரு நூல் கூட. இன்செட் வெட்டே பேட்சின் ஒத்ததிர்வைக் கொஞ்சம் நகர்த்தும் என்பதால், இந்தக் கணக்கு தொடக்கப் புள்ளிதான். சிமுலேஷனில் சரிசெய்தே ஆக வேண்டும்.

எஃப்ஆர்4 மலிவு, எங்கும் கிடைக்கிறது. அதிலேயே செய்துவிடலாமா?

கற்றுக்கொள்ளத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

முதலாவது, டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 4.4 என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. மேலே கணக்கிட்ட பேட்சில் அது 4.2-ஆக இருந்துவிட்டால் அதிர்வெண் சுமார் 55 மெகாஹெர்ட்ஸ் மேலே போய்விடும். அந்தப் பேட்சின் மொத்த பேண்ட்வித்தே 50 முதல் 70 மெகாஹெர்ட்ஸ்தான். அதாவது போர்டு மாறியதாலேயே பட்டை முழுசாகத் தவறிப்போகலாம். இதோடு ஒப்பிட்டால் எட்சிங்கில் வரும் 0.1 மிமீ நீளப் பிழை 8 அல்லது 9 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே நகர்த்தும்.

இரண்டாவது இழப்பு. எஃப்ஆர்4-இன் லாஸ் டேன்ஜென்ட் (பொருள் எவ்வளவு சக்தியை வெப்பமாக்குகிறது என்பதன் அளவு) 0.02 அளவில் இருக்கிறது. அதிலிருந்து வரும் க்யூ 50. நல்ல மைக்ரோவேவ் சப்ஸ்ட்ரேட்டான ஆர்டி டுராய்டு 5880-க்கு லாஸ் டேன்ஜென்ட் 0.0009, டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 2.2. எஃப்ஆர்4 பேட்சுக்குக் கொடுக்கும் சக்தியில் பாதியோ அதற்கு மேலோ போர்டைச் சூடாக்குவதில் போய்விடும். ஆனால் எஸ்11 வளைவில் அது தெரியாது. மாறாக, இழப்பு கூடக் கூட வளைவு அகலமாகத்தான் தெரியும்! 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்துப் பாருங்கள்: எல்லா அதிர்வெண்ணிலும் அருமையான எஸ்11, கதிர்வீச்சு துளிகூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருடைய உழைப்பு இங்கேதான் வீணாகிறது. எஸ்11 மைனஸ் 10 டிபி என்றால் 10 சதவீதம் சக்தி திரும்புகிறது, இழப்பு 0.46 டிபி. வாரக்கணக்கில் போராடி மைனஸ் 30-க்குக் கொண்டுபோனாலும் உங்களுக்குக் கிடைப்பது அந்த அரை டிபிக்கும் குறைவான லாபம்தான். எஃபிஷியன்சி (உள்ளே போன சக்தியில் கதிர்வீச்சாக வெளியேறும் பங்கு) 45 சதவீதமாக இருந்தால் அங்கே 3.5 டிபி ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஓட்டைக் குடத்தின் வாயைத் துணியால் கட்டுவது போன்ற வேலை இது.

அளவைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன? எங்கேயாவது எல்லை இருக்கிறதா?

இருக்கிறது, அது இயற்பியல் போட்ட எல்லை. வீலர் 1947-இலும் சூ 1948-இலும் இதைச் சொன்னார்கள். ஆன்டெனாவை முழுசாக உள்ளடக்கும் கோளத்தின் ஆரத்தை அலை எண்ணால் (2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது) பெருக்குங்கள். அந்தப் பெருக்கலின் கனத்தின் தலைகீழும் அந்தப் பெருக்கலின் தலைகீழும் சேர்ந்ததுதான், இழப்பில்லாத ஆன்டெனாவின் க்யூ போகக்கூடிய குறைந்தபட்ச அளவு.

எண்ணில் பார்த்தால் சட்டென்று புரியும். 2.45 ஜிகாஹெர்ட்ஸில் 10 மிமீ ஆரமுள்ள கோளம் என்றால் க்யூ குறைந்தது 9.3, வி.எஸ்.டபிள்யூ.ஆர். 2-க்கு பேண்ட்வித் அதிகபட்சம் 7.6 சதவீதம். ஆரத்தை 5 மிமீயாகப் பாதியாக்கினால் க்யூ 63, பேண்ட்வித் 1.1 சதவீதம். பாதி அளவுக்கு ஏழில் ஒரு பங்கு பேண்ட்வித். அதுவும் கோளம் முழுவதையும் நிரப்பும் அமைப்புக்கான கணக்கு. தட்டையான பேட்ச் அந்தக் கோளத்தின் நடுவே ஒரு வில்லை. எல்லையை நெருங்கவே நெருங்காது.

"5 மிமீ ஆரத்துக்குள் 40 சதவீதம் பேண்ட்வித் கிடைத்தது" என்று ஒரு முடிவு வந்தால், ஒன்று அங்கே இழப்பு இருக்கிறது, அல்லது கோளத்தைத் தப்பாக வரைந்திருக்கிறார்கள். கிரவுண்டில் மின்னோட்டம் ஓடி அதுவும் கதிர்வீசுகிறது என்றால், கிரவுண்டையும் சேர்த்துத்தான் கோளம் வரைய வேண்டும்.

அளவைக் குறைக்க நடைமுறையில் என்ன வழிகள்?

டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் அதிகமுள்ள பொருளைப் போடலாம். நீளம் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும், பேண்ட்வித்தும் குறையும். பேட்சின் நடுக்கோட்டில் மின்புலம் பூஜ்யம் என்பதால் அங்கே ஒரு சுவரைப் போல கிரவுண்டோடு ஷார்ட் செய்துவிட்டுப் பாதிப் பேட்சை வெட்டி எறியலாம். அரை அலை கால் அலையாகிவிடும். மொபைல் போன்களில் நெடுங்காலம் கோலோச்சிய பிஃபா ஆன்டெனா இந்த வழியில் வந்ததுதான். முழுச் சுவருக்குப் பதில் ஒரே ஒரு ஷார்ட்டிங் பின் போட்டால் இன்னும் சிறிதாகும், ஆனால் ஃபீட் இடத்தில் அரை மிமீ தவறினாலும் மேட்சிங் (50 ஓமோடு பொருந்துவது) போய்விடும் அளவுக்குச் செல்லமாகிவிடும்.

பேட்சில் ஸ்லாட் வெட்டி மின்னோட்டத்தைச் சுற்றிப் போக வைப்பது இன்னொரு வழி. ஒரே வடிவம் சிறிதாகச் சிறிதாகத் திரும்ப வரும் ஃப்ராக்டல் வடிவங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதே இடத்தில் வளைந்து நெளிந்த சாதாரண ஸ்லாட் தருவதைவிட அதிகமாக எதையும் அவை தருவதை நான் பார்த்ததில்லை.

பேண்ட்வித்தைக் கூட்ட நேர்மையான வழி எது?

தடிமனைக் கூட்டுங்கள், டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்டைக் குறையுங்கள். முடிந்தால் காற்று அல்லது ஃபோம். எஃப்ஆர்4-ஐயே அடுக்கித் தடிமனாக்கினால் சர்ஃபேஸ் வேவ் (போர்டோடு ஒட்டி ஓடும் அலை) கிளம்பி, போர்டின் ஓரம் வரை ஓடிப் பேட்டர்னை (எந்தத் திசையில் எவ்வளவு வீசுகிறது என்பதை) கெடுக்கும். காற்றில் அந்தத் தொல்லை இல்லை.

தடிமன் கூடும்போது ஒரு சிக்கல் வரும். கோஆக்சியல் ஃபீடின் நடுக்கம்பி நீளமாகி இண்டக்டன்ஸ் ஏறிவிடும், 50 ஓமுக்குக் கொண்டுவர முடியாது. இங்கேதான் யூ ஸ்லாட் கைகொடுக்கிறது. ஹுயின், லீ இருவரும் 1995-இல் காட்டிய அமைப்பு இது. ஒரே பேட்ச், ஒரே அடுக்கு, அதில் யூ வடிவில் ஒரு வெட்டு. வெட்டு தரும் கெப்பாசிட்டன்ஸ் கம்பியின் இண்டக்டன்ஸைச் சமன் செய்கிறது, கூடவே இரண்டாவது ஒத்ததிர்வு ஒன்றும் வந்து சேர்கிறது. 30 சதவீதத்துக்கு மேல் பேண்ட்வித் கிடைத்தது. 2001-இல் யாங், ரஹ்மத் சாமி குழுவினர் இரண்டு இணையான வெட்டுகள் போட்ட ஈ வடிவப் பேட்சில் 30.3 சதவீதம் எடுத்தார்கள். ஈ வடிவத்தில் நடுப்பகுதியில் மின்னோட்டம் நேராக ஓடி மேல் அதிர்வெண்ணையும், பக்கங்களில் வெட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிக் கீழ் அதிர்வெண்ணையும் தருகிறது. லுக் குழுவினரின் எல் வடிவ ஃபீட் 1998-இல் வந்தது. அதுவும் இதே ரகம். போசார் 1985-இல் தந்த அபர்ச்சர் கப்ளிங் (கிரவுண்டில் போட்ட வெட்டு வழியே ஃபீட் செய்வது), ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பேட்சுகள் ஆகியவையும் நல்ல வழிகள்தான். ஆனால் அடுக்குகளைச் சரியாகப் பொருத்துவது கையால் செய்யும்போது சிரமம்.

முதல்முறை செய்கிறவருக்கு ஈ வடிவத்தைச் சொல்வேன். கத்தரிக்கோலால் செம்புத் தகட்டை வெட்டியே செய்துவிடலாம். 3.5 ஜிகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள்: அலைநீளம் 85.7 மிமீ, காற்று இடைவெளி 6.5 மிமீ, பேட்ச் அகலம் 45 மிமீ. முன்பு சொன்ன அதே சூத்திரப்படி நீளம் 34 மிமீ வரும். எஃப்ஆர்4-இல் இது 20 மிமீதான். அந்த வித்தியாசம்தான் பேண்ட்வித்துக்கும் எஃபிஷியன்சிக்கும் நீங்கள் கொடுக்கும் விலை. பொருளின் டப்பாவில் அந்த இடம் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இரண்டு ஒத்ததிர்வுகளைச் சரியாகச் சேர்ப்பது எப்படி?

எஸ்11 வளைவை மூடிவைத்துவிட்டு ஸ்மித் சார்ட்டை (இம்பீடன்ஸை வட்டத்துக்குள் காட்டும் வரைபடத்தை) திறங்கள். இரண்டு ஒத்ததிர்வுகள் இணையும்போது சார்ட்டில் ஒரு சிறு சுழி விழும். அந்தச் சுழி நடுப்புள்ளியைச் சுற்றி, வி.எஸ்.டபிள்யூ.ஆர். 2 வட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது. சுழி பெரிதாக இருந்தால் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே எஸ்11 மேடு தட்டும். வெட்டின் நீளத்தையோ வெட்டுகளுக்கு இடையிலான தூரத்தையோ சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். சுழி நல்ல அளவில் இருந்தும் மேல் பாதியில் தொங்கினால் ஃபீடின் இண்டக்டன்ஸ் அதிகம். இன்னும் தடித்த கம்பி போடுங்கள், அல்லது இடைவெளியை அரை மிமீ இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு அளவை மட்டும் மாற்றிச் சுழி எந்தப் பக்கம் நகர்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், ஆப்டிமைசரை இரவெல்லாம் ஓடவிடுவதைவிட வேகமாக முடியும்.

கிரவுண்டைப் பாதியாக வெட்டினால் பேண்ட்வித் தாறுமாறாகக் கூடுகிறதே, அதைச் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அதற்கப்புறம் அது பேட்ச் இல்லை, பிரிண்டட் மோனோபோல். பேட்சுக்குக் கீழே கிரவுண்ட் இல்லையென்றால் கேவிட்டியே இல்லை, அதனால் க்யூ சரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2002-இல் 3.1 முதல் 10.6 ஜிகாஹெர்ட்ஸ் வரை யூ.டபிள்யூ.பி.க்கு (மிக அகலப் பட்டைத் தொடர்புக்கு) திறந்துவிட்ட பிறகு இந்த வகை ஆய்வுகள் குவிந்தன. நல்ல ஆன்டெனாதான், அதன் இடத்தில் வைத்தால்.

பேட்ச் ஒரு பக்கம் மட்டும் வீசும். பின்னால் பேட்டரியோ உலோகமோ இருந்தாலும் கவலைப்படாது. மோனோபோல் இரண்டு பக்கமும் வீசும், அதைச் சுவரிலோ உடம்பிலோ உலோகத்தின் மேலோ வைத்தால் மேட்சிங்கும் எஃபிஷியன்சியும் சேர்ந்து விழும். உடலில் அணியும் கருவிக்கும் உலோகப் பெட்டிக்கும் பாதிக் கிரவுண்ட் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தலைப்பில் "பேட்ச்" என்று போட்டுவிட்டு, கிரவுண்டை வெட்டி, இரண்டு பக்கமும் வீசும் பேட்டர்னைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைப்பது படிப்பவரைத் திசைதிருப்பும் வேலை.

சிமுலேஷனில் நன்றாக வந்தது, அளந்தால் வேறு மாதிரி வருகிறது. ஏன்?

அதிர்வெண் மட்டும் நகர்ந்திருந்தால் முதல் சந்தேகம் போர்டின் டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் மேல். அளந்த அதிர்வெண்ணை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த எண்ணோடு மறுபடி ஓட்டிப் பாருங்கள். எஸ்11 பள்ளத்தின் ஆழம் மாறியிருந்தால் கனெக்டர் சால்டரிங்கைப் பாருங்கள். எஸ்எம்ஏ கனெக்டரின் கிரவுண்ட் கால்கள் போர்டின் அடிப்பக்கத்தோடு முழுசாக ஒட்டியிருக்க வேண்டும்.

சிமுலேஷனிலும் தவறு இருக்கலாம். காற்றுப் பெட்டியின் (சிமுலேஷனில் ஆன்டெனாவைச் சுற்றி வரையும் வெளியின்) சுவர் ஆன்டெனாவிலிருந்து கால் அலைநீளமாவது, அதுவும் பட்டையின் கீழ் அதிர்வெண்ணுக்குக் கணக்கிட்டு, தள்ளி இருக்க வேண்டும். வைட்பேண்டுக்கு மெஷ்ஷை (கணக்கிடுவதற்கான வலைப் பிரிப்பை) மேல் அதிர்வெண்ணில் செம்மைப்படுத்த வேண்டும். வேவ் போர்ட்டை (சிமுலேஷனில் சக்தி நுழையும் முகத்தை) சின்னதாக வரைந்தால் இம்பீடன்ஸே பொய்யாக வரும். எச்எஃப்எஸ்எஸ், சிஎஸ்டி போன்ற கட்டணச் சிமுலேஷன் மென்பொருள்கள் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்இஎம்எஸ் பயன்படுத்தலாம். பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், முடிவுகள் நம்பகமானவை.

நானோவிஎன்ஏ வைத்து அளக்கலாமா?

அது எஸ்11 அளக்கும் சிறிய, மலிவான கருவி. எந்த மாடல் என்று பாருங்கள். முதலில் வந்த மலிவு மாடல் 900 மெகாஹெர்ட்ஸுக்கானது, 1.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை இழுத்துப் பிடிக்கலாம். வைஃபை பட்டைக்கு 3 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும் மாடல் வேண்டும். கேபிளின் நுனியில், ஆன்டெனா சேரும் இடத்தில் கேலிபரேஷன் செய்யுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை, காசு செலவில்லாதது. திரையைப் பார்த்துக்கொண்டே கேபிளைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வளைவு அசைந்தால், கேபிளின் வெளித்தோலில் மின்னோட்டம் ஓடுகிறது. நீங்கள் அளப்பது ஆன்டெனாவும் கேபிளும் சேர்ந்த ஒன்றை. சிறிய கிரவுண்ட் உள்ள வடிவங்களில் இது அடிக்கடி நடக்கும். "எதிர்பாராத கூடுதல் பேண்ட்வித்" பல நேரம் இந்தக் கேபிளிலிருந்துதான் வருகிறது. கேபிளில் ஃபெரைட் மணிகளைக் கோத்துவிட்டு மறுபடி அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

எஃபிஷியன்சியும் கெயினும் அளக்க அனெக்கோயிக் சேம்பர் (எதிரொலிப்பில்லாத அறை) இல்லை. என்ன செய்வது?

கெயினுக்கு (ஆன்டெனா ஒரு திசையில் எவ்வளவு குவித்து வீசுகிறது என்பதற்கு) ஒரே மாதிரி இரண்டு ஆன்டெனா செய்யுங்கள். 1 மீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் நிறுத்தி எஸ்21 (ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச்சேரும் சக்தி) அளங்கள். 2.45 ஜிகாஹெர்ட்ஸில் 1 மீட்டருக்கான வெற்றிட இழப்பு 40.2 டிபி. அளவு மைனஸ் 34.2 என்று வந்தால், மீதி 6 டிபியை இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 3 டிபிஐ. தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி உயரத்தில் வையுங்கள். தூரத்தைச் சில சென்டிமீட்டர் மாற்றி மாற்றி அளந்து சராசரி எடுத்தால் எதிரொலிப்பின் பாதிப்பு குறையும்.

எஃபிஷியன்சிக்கு வீலரின் மூடி முறை இருக்கிறது. ஆன்டெனாவை உலோக மூடியால் மூடி, மூடியின் விளிம்பு கிரவுண்டைச் சுற்றிலும் தொடும்படி அழுத்துங்கள். கதிர்வீச்சு நின்றுவிடும், இழப்பு மட்டும் மிஞ்சும். ஒத்ததிர்வில் பேட்சின் கண்டக்டன்ஸை மூடியில்லாமலும் மூடியோடும் எடுத்து, வித்தியாசத்தை மூடியில்லாத அளவால் வகுத்தால் எஃபிஷியன்சி. மூடியே அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்தால் கணக்கு கெட்டுவிடும், அதனால் அளவு வேறான இரண்டு மூடிகளில் பாருங்கள். குறுகிய பேண்ட்வித் பேட்சுக்கு இது நன்றாக வேலை செய்யும். வைட்பேண்ட் வடிவங்களுக்கு அவ்வளவு நம்ப முடியாது.

பேட்டர்ன் முழுசாக வேண்டுமென்றால் சேம்பருக்குத்தான் போக வேண்டும். சென்னையில் தரமணியில் இருக்கும் சமீர் (SAMEER) என்ற மத்திய அரசு ஆய்வு மையம் மின்காந்தவியலுக்கென்றே இயங்குவது, அங்கே விசாரிக்கலாம். போவதற்கு முன் பட்டையின் கீழ், நடு, மேல் என்று மூன்று அதிர்வெண்களையாவது குறித்துக்கொண்டு போங்கள். யூ ஸ்லாட் போன்றவற்றில் மேல் ஓரத்தில் கிராஸ் போலரைசேஷன் (நமக்கு வேண்டாத, குறுக்குத் திசையில் அதிரும் புலம்) ஏறும், கெயின் இறங்கும். நடு அதிர்வெண்ணில் மட்டும் எடுத்த பேட்டர்ன் இதைக் காட்டாது.

ஆப்டிமைசர், மெஷின் லேர்னிங் எல்லாம் வந்துவிட்டதே, அவையே வடிவமைத்துவிடாதா?

எதைக் கேட்கிறீர்களோ அதைத் தரும். எஸ்11 மட்டும் கேட்டால், இழப்புள்ள போர்டில் மின்னோட்டம் நெருக்கியடித்து ஓடும் வடிவத்தைக் கொண்டுவந்து நீட்டும். பட்டை முழுவதும் ரியலைஸ்டு கெயின் இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். மேட்சிங்கும் எஃபிஷியன்சியும் அதிலேயே அடங்கிவிடும்.

பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தால் ஏதாவது மாறுமா?

மாறும். மூடி பேட்சை ஒட்டியிருந்தால் அதிர்வெண் சில பத்து மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கும். சில மிமீ தள்ளி வைத்தால் பாதிப்பு வெகுவாகக் குறையும். எனவே மூடியையும், பக்கத்தில் இருக்கும் பேட்டரியையும், திருகுகளையும் தொடக்கத்திலேயே சிமுலேஷனுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பெயின்ட் அடித்த மூடி என்றால் அந்தப் பெயின்டில் உலோகத் தூள் கலந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு டப்பாவின் மோல்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.